ஹைட்ரஜன் கார் வந்தால் டெல்லிக்காரர்கள் வாங்குவார்களா?

கேள்வி கேட்ட தம்பி மயூர் விஹாரில் இருக்கிறார். பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) ஓடும் அப்பாவின் காருக்கு அடுத்த வருடம் 15 வயது முடிகிறதாம். ஹைட்ரஜன் கார் வரும் வரை பொறுக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, "வெடிகுண்டைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தப் போறியா?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டாராம். மக்கள் பொதுவாக இதை எப்படிப் பார்க்கிறார்கள், அப்பாவின் பயம் நியாயமா, டெல்லியில் இது எடுபடுமா என்று கேட்கிறார்.

நான் டெல்லிக்கு வந்தது 1999-ல். அன்றிலிருந்து வாகனங்களில் பொருத்தும் காஸ் சிலிண்டர்களைச் சோதிக்கும் வேலையில்தான் பிழைப்பு ஓடுகிறது. அதனால் பதிலில் கொஞ்சம் சிலிண்டர் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் அப்பாவை ஒரு சிஎன்ஜி பம்பில் நிறுத்திப் பார்ப்போம். வரிசை நகர்ந்து உங்கள் முறை வருகிறது. பம்ப் பையன் கண்ணாடியைத் தட்டி "சப் உதரோ" என்கிறான். நாலு கதவும் திறக்கும். அம்மா கைப்பையோடு இறங்குவார். பாட்டி இருந்தால் அவரையும் கைத்தாங்கலாக இறக்கி ஓரமாக நிறுத்த வேண்டும். ஜனவரிக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மூன்று நிமிடம் எல்லோரும் நிற்பார்கள். பையன் நாசிலைச் செருகிக் கைப்பிடியைத் திருப்பியதும் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். அழுத்தம் 200 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) பக்கத்தில் வந்து நின்றுவிடும். யார் முகத்திலும் பயம் இருக்காது. அந்த மூன்று நிமிடத்தில் பக்கத்துக் கார்க்காரரிடம் மைலேஜ் விசாரித்து முடித்திருப்பார்கள்.

எதற்காக இறங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நிரப்பும்போதுதான் சிலிண்டரில் அழுத்தம் ஏறுகிறது. பழுதான சிலிண்டர் உடைவதாக இருந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் உடையும். கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார். டிக்கியில் இருப்பது அதைப்போல எண்பது, தொண்ணூறு மடங்கு. அதன் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு 14 வருடமாக உங்கள் அப்பா மலை மந்திர் கோயிலுக்கும் ஏர்போர்ட்டுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான். பழகிய ஆபத்து கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். 1998 ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் டெல்லியின் பேருந்துகள் எல்லாம் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்றது. கெடு 2001 மார்ச் 31. கெடு வந்தபோது போதுமான பேருந்தும் இல்லை, போதுமான பம்பும் இல்லை. அந்த ஏப்ரலில் ஆபீஸ் போகிறவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். ஆட்டோக்கள் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும். டிரைவர்கள் பின்சீட்டில் முடங்கித் தூங்குவார்கள். ஓரிரு பேருந்துகள் தீப்பிடித்ததாகச் செய்தி வந்தபோது, "இது ஓடும் வெடிகுண்டு" என்று அப்போதும் பேச்சு கிளம்பியது. உங்கள் அப்பா சொன்ன அதே வார்த்தை. டெல்லி போக்குவரத்துக் கழகத்தின் கடைசி டீசல் பேருந்து போவதற்கு 2002 கடைசி ஆகிவிட்டது.

திரிலோக்புரியில் இருந்த ஓர் ஆட்டோக்காரர் அந்த நாட்களில் எனக்குப் பழக்கம், சேலம் பக்கத்துக்காரர். வெடிக்கும் என்கிறார்களே, பயமில்லையா என்று கேட்டேன். "வெடிச்சா என்னைக்கோ ஒருநாள் சாவேன் சார். இந்த லைன்ல நின்னு தினமும் சாவுறேன்" என்றார். இருபத்தைந்து வருடம் ஆகிறது. புது எரிபொருள் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யார் எத்தனை பக்கத்துக்கு எழுதினாலும் எனக்கு இந்த ஒரு வரிதான் ஞாபகம் வருகிறது. இப்போது அவர் மகன் சிஎன்ஜி டாக்சி ஓட்டுகிறான். போன மாதம் அவனிடம் ஹைட்ரஜன் காரைப் பற்றிச் சொன்னேன். வெடிக்குமா என்று அவன் கேட்கவே இல்லை. "பம்ப் எங்க அங்கிள் இருக்கு?" என்றான்.

சரி, இப்போது பயத்துக்கு வருவோம். உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை, பாதி கேள்விப்பட்டது.

ஹைட்ரஜன் எளிதில் பற்றும், அது உண்மை. காற்றில் 4 சதவீதம் கலந்திருந்தாலும் பற்றும், 75 சதவீதம் கலந்திருந்தாலும் பற்றும். இவ்வளவு அகலமான வரம்பு பெட்ரோலுக்கும் கிடையாது, சமையல் காஸுக்கும் கிடையாது. ஸ்வெட்டரைக் கழற்றும்போது வருகிற சின்னப் பொறியே போதும். இன்னொரு பக்கம், அது காற்றைவிட 14 மடங்கு இலேசானது. கசிந்தால் நேரே மேலே போய்க் கலைந்துவிடும். நம் வீட்டுச் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படிந்து, யாராவது ஸ்விட்ச் போடும் வரை காத்திருக்கும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். ஆகவே திறந்த வெளியில் ஹைட்ரஜன் கசிவு மற்ற இரண்டையும்விடச் சாது. மூடின இடத்தில் கதை வேறு. அடித்தளப் பார்க்கிங்கில் கூரைக்குக் கீழே சேர்ந்து நின்றால் வம்புதான். அப்படிப்பட்ட இடங்களில் கூரையோரம் காற்றோட்டமும் கசிவு உணர்கருவியும் இல்லாமல் ஹைட்ரஜன் காரை விடக்கூடாது என்பதுதான் என் கருத்தும்.

டாங்கைப் பற்றி அப்பாவிடம் தைரியமாகவே பேசலாம். டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராயில் 5.6 கிலோ ஹைட்ரஜன் 700 பார் அழுத்தத்தில் இருக்கிறது. சிஎன்ஜியைப்போல மூன்றரை மடங்கு. ஆனால் நம் காரில் இருக்கும் இரும்பு சிலிண்டர் இல்லை அது. உள்ளே பிளாஸ்டிக், அதன் மேல் கார்பன் நார் சுற்றுச் சுற்றாக இறுகிய டாங்க். கீழே தீ மூட்டி, உயரத்திலிருந்து போட்டு, ஆயிரக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்து பார்த்த பிறகுதான் அனுமதி. தீயில் சூடு ஏறினால் ஒரு வால்வு உருகித் திறந்து வாயுவை ஒரு பக்கமாக வெளியேற்றிவிடும். டாங்க் வெடிக்கும் வரை விடாது. இந்தியாவிலும் இதற்கு ஏஐஎஸ்-157 என்று தனி விதிமுறை 2020-ல் வந்துவிட்டது. சிலிண்டரைத் தட்டிப் பார்த்தே வயதான ஆள் நான். இந்த டாங்க் பக்கத்தில் நிற்பதா, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை) காலாவதியான சிஎன்ஜி சிலிண்டர் பக்கத்தில் நிற்பதா என்றால் யோசிக்காமல் முதலாவதன் பக்கம் போய் நிற்பேன்.

ஆனால் ஒன்று என்னையும் உறுத்தும். வாசனை. சமையல் காஸில் வருகிற அழுகல் நாற்றம் அதனுடையது இல்லை. நமக்குத் தெரியவேண்டும் என்று கந்தகச் சேர்மம் ஒன்றை வேண்டுமென்றே கலக்கிறார்கள். நம் அம்மாக்கள் அடுப்படிக்குள் நுழையும்போதே மூக்கைச் சுளித்து "காஸ் லீக் ஆறதா பாரு" என்பது அந்த நாற்றத்தை நம்பித்தான். காருக்குப் போகும் ஹைட்ரஜனில் அதைக் கலக்க முடியாது. கந்தகம் பட்டால், ஹைட்ரஜனைக் காருக்குள் மின்சாரமாக மாற்றும் ஃப்யூயல் செல்லில் இருக்கும் பிளாட்டினம் கெட்டுவிடும். அதனால் ஹைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. மூக்கையும் கண்ணையும் விட்டுவிட்டு ஒரு உணர்கருவியை நம்பு என்கிறார்கள். நம்பிக்கை இங்கேதான் தடுக்குகிறது, அதில் தப்பும் இல்லை. அந்தக் கருவியை யார் சோதிப்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கெட்டுப்போனால் கார் என்ன செய்யும் என்று கேட்கிறவரை நான் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டேன்.

ஹைட்ரஜன் என்றதும் எல்லோரும் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலை இழுப்பார்கள். 1937-ல் எரிந்தது. அதில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைவிடப் பொருத்தமான உதாரணம் நார்வே. 2019 ஜூன் 10-ல் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் பம்ப் வெடித்தது. பம்பில் இருந்தவர்கள் யாருக்கும் காயமில்லை. அந்தப் பக்கம் போன காரில் அதிர்ச்சியால் ஏர்பேக் விரிந்து இரண்டு பேருக்குச் சின்ன அடி. விசாரித்ததில், சேமிப்புத் தொட்டியின் மூடியில் போல்ட்டுகளைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தார்கள். இவ்வளவு நுட்பமான சமாச்சாரத்தைக் கவிழ்த்தது ஸ்பானர் வேலை! அதைத் தொடர்ந்து டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. பொறியியல் தோற்கவில்லை, பராமரிப்பு தோற்றது. நம் ஊரைத் தெரிந்த எவருக்கும் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது இதிலேயே விளங்கியிருக்கும்.

வெளிநாட்டு மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கும் நல்ல அனுபவம் இருக்கிறது. 2003-லிருந்து லண்டன், ஹாம்பர்க், மாட்ரிட் உட்பட ஐரோப்பாவின் 9 நகரங்களில் ஊருக்கு மூன்றாக 27 ஹைட்ரஜன் பேருந்துகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஏறியவர்கள் சாதாரணமாக ஏறி இறங்கினார்கள். சத்தமில்லை, புகையில்லை என்று சந்தோஷம்கூட. அதே லண்டனில், ஹார்ன்சர்ச் என்ற இடத்தில் அந்தப் பேருந்துகளுக்கு எரிபொருள் நிரப்பும் நிலையம் கட்டப்போனபோது அக்கம்பக்கத்துக்காரர்கள் எதிர்த்து எழுந்தார்கள். உள்ளூர் நிர்வாகம் மறுத்து, மேல்முறையீடு வரை போய்த்தான் அனுமதி கிடைத்தது. பேருந்து வேண்டும், பம்ப் மட்டும் அடுத்த தெருவில் இருக்கட்டும். இதில் வெள்ளைக்காரனும் நம் காலனி நலச்சங்கமும் ஒன்றுதான். மொபைல் டவர் விஷயத்தில் பார்த்திருப்பீர்களே.

டெல்லியில் கேட்டால் இன்னும் இரண்டு வகைப் பேச்சு காதில் விழும். ஒன்று, "தண்ணீரில் ஓடும் கார்". 2022 மார்ச் 30-ல் அப்போதைய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, புகையில்லா வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட் போட்ட மிராயில் பாராளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். அந்த வாரம் கோயிலில் ஒரு மாமி என்னிடம், "ஏன்டாப்பா, குழாய்த் தண்ணி விட்டாப் போறுமாமே?" என்று கேட்டார். தண்ணீர் வெளியேதான் வருகிறது மாமி, உள்ளே போவது ஹைட்ரஜன் என்று சொல்லிப் பார்த்தேன். மூலிகை பெட்ரோல் காலத்திலிருந்தே நம்மவர்களுக்கு இதில் ஒரு சபலம் உண்டு. இலவசமாக ஓடும் வண்டி என்றால் கண் மலர்ந்துவிடும். இப்படி நம்புகிறவரும் ஆதரவாளர் கணக்கில்தான் சேர்கிறார். பில்லைப் பார்த்த மறுநாள் எதிரியாகவும் அவரே மாறுவார். அதனால் "ஹைட்ரஜன் பிடிக்குமா" என்று கேட்டு வாங்கும் பதிலுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

இன்னொரு பேச்சு, "குடிக்கவே தண்ணி டேங்கர்ல வருது, இதுல காருக்கா?" ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் கணக்கு, சுத்திகரிப்பில் போவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதில் கார் 100 கிலோமீட்டர் ஓடும். உங்கள் வீட்டு ஆர்ஓ மெஷின் ஒரு நாளில் சாக்கடைக்கு விடுவது அதைவிட அதிகமாக இருக்கும். தண்ணீர் பிரச்னையே இல்லை.

பிரச்னை கரண்ட். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மக்கள் மனது கடைசியில் இங்கேதான் முடிவாகும்.

தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 5 ரூபாய் என்று மலிவாகவே வைத்துக்கொண்டாலும் மின்சாரம் மட்டும் 275 ரூபாய். அதை 700 பாருக்கு அழுத்த வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், நிரப்பும் முன் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் டாங்க் சூடேறும் என்பதால் அந்தக் குளிர்விப்பு. மே மாத டெல்லியில் 45 டிகிரி வெயிலில் அது எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் மேலே பம்ப்காரர் முதலும் லாபமும் எடுக்க வேண்டும். இப்போது உங்கள் அப்பாவின் காருக்கு வாருங்கள். ஊருக்குள் கிலோவுக்கு 25 கிலோமீட்டர் கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 4 கிலோ சிஎன்ஜி, ஏறத்தாழ 300 ரூபாய். மின்சாரச் செலவு மட்டுமே கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிட்டால் மீதிச் செலவை யார் தலையில் கட்டுவது?

அதே 55 யூனிட்டை நேரே ஒரு பேட்டரி காரில் ஏற்றினால் 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஹைட்ரஜனாக மாற்றி, மறுபடி காருக்குள் மின்சாரமாக மாற்றினால் 100. நடுவில் மாற்றி மாற்றிப் பாதிக்கு மேல் வழியிலேயே சிந்திவிடுகிறது. மின்சாரத்தைத் தவிர்த்து இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் மலிவு, உலகத்தில் இன்று கிடைக்கும் ஹைட்ரஜன் பெரும்பாலும் புதைபடிவ எரிபொருளிலிருந்து வருவதுதான். ஆனால் கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியே போகும். அப்புறம் என்ன பச்சை நம்பர் பிளேட்?

இதையெல்லாம் சொன்னாலும் டெல்லியில் ஹைட்ரஜன் காருக்கு ஒரு மெய்யான ஆசை இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய டிடிஏ ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே பார்க்கிங் யாருக்கும் சொந்தமில்லை. இரவு பத்து மணிக்கு வந்தால் கிடைத்த இடத்தில், பூங்கா ஓரத்தில், பாதி நடைபாதை மேல் ஏற்றி விட வேண்டும். பேட்டரி காருக்கு எங்கே பிளக் மாட்டுவது? மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து வயர் தொங்கவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பேஸ்மென்ட்டில் சார்ஜ் போடக்கூடாது, தீப்பிடிக்கும் என்று நோட்டீஸ் ஒட்டுகிற சொசைட்டிகளும் இருக்கின்றன. இப்படிப்பட்டவரிடம் "ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம், 600 கிலோமீட்டர் போகலாம், வீட்டில் எதுவும் மாட்ட வேண்டாம்" என்று சொன்னால் அவர் காது நிமிரும். பம்புக்குப் போவது, வரிசையில் நிற்பது, இறங்கி நிற்பது எல்லாம் ஏற்கெனவே கைவந்த பழக்கம். உண்மையைச் சொன்னால், எரிவாயு பம்ப் பழக்கம் டெல்லிக்காரர்களிடம் ஊறியிருக்கிற அளவுக்கு இந்தியாவில் அதிகம் ஊர்களில் இல்லை. இந்த ஊர் ஹைட்ரஜனை வெறுக்கும் ஊர் இல்லை.

ஆனால் இந்த ஊர் ஏமாந்த ஊர். இளவட்டங்களுக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். 2006-ல் மத்திய அரசு ஒரு ஹைட்ரஜன் திட்ட வரைவு வெளியிட்டது. 2020-க்குள் நாட்டில் 10 லட்சம் ஹைட்ரஜன் வண்டிகள் ஓடும் என்று அதில் இருந்தது. 2012 ஜனவரியில் பிரகதி மைதான் கண்காட்சித் திடலில் 15 ஹைட்ரஜன் ஆட்டோக்களை இறக்கினார்கள். மஹிந்திராவும் ஐஐடி டெல்லியும் ஐநாவின் தொழில் வளர்ச்சி அமைப்பும் சேர்ந்து செய்தது. மைதானத்துக்குள்ளேயே ஓடின, நிரப்பும் நிலையமும் அங்கேயே. நானும் போய் ஒன்றில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினேன். சாதாரண எஞ்சின்தான், பெட்ரோலுக்குப் பதில் ஹைட்ரஜனை எரிக்கும். கூட ஏறிய குடும்பத்தில் ஒருவரும் வெடிக்குமா என்று கேட்கவில்லை. டிரைவரிடம் "கித்னா தேத்தீ ஹை?", அதாவது மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்றுதான் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, "சாப், இது வெளியே போகாது" என்றார். 2020 வந்தது, போனது. தெருவில் ஒரு ஹைட்ரஜன் ஆட்டோ கிடையாது. அந்த அக்டோபரில் ராஜ்காட் டெப்போவில் சிஎன்ஜியோடு ஹைட்ரஜன் கலந்த எரிபொருளில் 50 பேருந்துகளை வைத்துச் சோதனை தொடங்கினார்கள். 2023 செப்டம்பரில் கர்தவ்ய பாதையில் ஃப்யூயல் செல் பேருந்துக்குக் கொடி காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் புகைப்படம் நன்றாக வந்தது.

இது ஒரு பக்கம் இருக்க, டீசல் கதை உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும். 15 வருடத்துக்குச் சாலை வரி கட்டி வாங்கிய டீசல் காருக்கு இந்த ஊரில் 10 வருடம்தான் என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை வந்த விலைக்கு வெளி மாநிலத்துக்குத் தள்ளினார்கள். 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிக்குப் பம்பில் எண்ணெயே கிடையாது என்றார்கள். பம்புகளில் கேமராவும் போலீசும் நின்றார்கள். சில நாளிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. காற்றுக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், நான் அதற்குள் போகவில்லை. கார் வாங்குகிறவர் மனதில் இது போட்ட கணக்கு மட்டும் தெளிவு: எதை வாங்கினாலும் நடுவில் விதி மாறும். அப்படி நினைப்பவரிடம் பம்பே இல்லாத ஒரு புது எரிபொருளைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் என்ன சொல்வார்? "வெடிக்கும்" என்பார். "இவர்கள் என்னைப் பாதியில் விட்டுவிடுவார்கள்" என்று நீளமாக விளக்குவதைவிட அது சுருக்கம். உங்கள் அப்பாவின் வெடிகுண்டுக்குள் இருப்பதும் அதுதான் என்பது என் ஊகம். அடுத்த தடவை பேச்சு வந்தால் டாங்கைப் பற்றி வாதாடாமல், "ரீசேல் கிடைக்குமாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

பாதியில் விடப்படும் பயம் வீண் பயமும் இல்லை. கலிஃபோர்னியாவைப் பாருங்கள். அமெரிக்காவில் ஹைட்ரஜன் கார் ஓடுகிற மாநிலம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆயிரக்கணக்கானவர்கள் மிராய் வாங்கினார்கள். 15,000 டாலர் வரை எரிபொருள் கார்டு இலவசம் என்று கொடுத்தும் விற்றார்கள். 2023-ல் ஒரு கிலோ விலை 36 டாலரைத் தொட்டது. டாங்க் நிரப்ப 200 டாலர்! 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் பம்புகளை மொத்தமாக மூடிவிட்டது. நாசில் காரோடு உறைந்து ஒட்டிக்கொண்டு பத்து நிமிடம் வராது என்பது போன்ற புலம்பல்கள் வேறு. கோபம் வழக்கு வரை போனது. அந்த ஜனங்கள் யாரும் ஹைட்ரஜனுக்குப் பயந்தவர்கள் இல்லை. ஆசைப்பட்டு முதலில் வாங்கியவர்கள். வெடிக்கும் என்று நம்பி விலகி நின்றவர் ஒரு பைசா இழக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

தென்கொரியா கொஞ்சம் பரவாயில்லை. அரசாங்கம் மானியத்தைக் கொட்டி 30,000-க்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் கார்களைத் தெருவில் விட்டிருக்கிறது, பெரும்பாலும் ஹூண்டாய் நெக்ஸோ. பம்ப் இருக்கும் ஊரில் மக்கள் சகஜமாக ஓட்டுகிறார்கள். அங்கே 2019-ல் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் தொட்டி வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கார் விற்பனை நிற்கவில்லை. பம்பில் ஹைட்ரஜன் தட்டினால்தான் ஜனங்கள் கொதிக்கிறார்கள்.

இந்தியாவில் இப்போது போகிற போக்கைப் பார்த்தால் சொந்தக் காருக்கு இது வருவதாக எனக்குத் தெரியவில்லை. 2023 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்த பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீடு. பெரும்பங்கு உற்பத்திக்கும் அதற்கான கருவிகளுக்கும். 2025 மார்ச்சில் போக்குவரத்துக்கென்று அறிவித்த சோதனைகளில் இருப்பது 37 வண்டிகள், 9 நிரப்பு நிலையங்கள். எல்லாம் பேருந்தும் லாரியும். கிரேட்டர் நொய்டா–டெல்லி–ஆக்ரா வழித்தடமும் அதில் ஒன்று. இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லாரி ஒரே தடத்தில் போய்வரும், இரண்டு பம்ப் போதும். ஓட்டுநருக்குப் பயிற்சி கொடுக்கலாம். டெப்போவில் உணர்கருவியைச் சோதிக்க ஆள் வைக்கலாம், போல்ட்டை இறுக்கவும்தான். கனமான சரக்குக்குப் பேட்டரி எடை பெரிய சுமை. அங்கே ஹைட்ரஜனின் குறைகள் மன்னிக்கக்கூடியவை. பேருந்தில் பத்து வருடம் ஏறி இறங்கினால் காரைப் பற்றிய அபிப்பிராயமும் தானாக மாறும், சிஎன்ஜியில் நடந்த மாதிரி.

அதனால் உங்கள் வீட்டு விஷயத்துக்கு என் பதில்: காத்திருக்காதீர்கள். மிராய் இங்கே விற்பனைக்கே இல்லை; அமெரிக்காவில் 50,000 டாலருக்கு மேல் விலை. கீழே நிச்சயமான பார்க்கிங்கும் தனி மீட்டரும் உங்களுக்கு இருந்தால் பேட்டரி காரைப் பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியிலேயே பொருத்திய சிஎன்ஜி வாங்குங்கள். ரோட்டோரக் கடையில் கிட் மாட்டாதீர்கள், நான் பிழைப்பில் பார்த்த விபரீதங்களில் முக்கால்வாசி அங்கே பிறந்தவை.

ஒரு வருடம் இன்னும் பாக்கி இருக்கிறது என்றீர்கள். இன்றைக்கே டிக்கியைத் திறந்து, சிலிண்டர் கழுத்துப் பக்கம் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்திருக்க வேண்டும். தூசியைத் துடைத்தால்தான் எண் தெரியும். மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். தேதி தாண்டியிருந்தால், டெஸ்ட் முடித்து அதற்கான தகடு வாங்கும் வரை காஸ் நிரப்பாமல் பெட்ரோலிலேயே ஓட்டச் சொல்லுங்கள். அப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாருங்கள்.